நுரை நின்ற கேன்

அந்தச் சலவைக்கூடத்துக்குள் அழுக்காக வந்த எதுவும் அழுக்காக வெளியே போனதில்லை. முதலாளி அதை வாசல் பலகையிலேயே எழுதி வைத்திருந்தார்: 'அழுக்கு இந்த வாசலைத் தாண்டாது.' எழுதி நாற்பத்தொரு வருடம் ஆகிறது. வெயிலில் எழுத்து வெளுக்கும்போதெல்லாம் தானே ஏணி போட்டு ஏறி, மறுபடி கறுப்பு அடித்துவிட்டு இறங்குவார். வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்த பெயர் கஞ்சி. காலருக்குப் போடுகிற கஞ்சியில் தினமும் ஒரு தம்ளர் குடித்துவிட்டுத்தான் வருகிறார், அதனால்தான் அந்த முதுகு வளைவதில்லை என்று மெஷின்காரர் சொல்லுவார்.

முதலாளிக்கு அருவருப்பு அதிகம். அருவருப்பு உள்ளவன்தான் இந்தத் தொழிலுக்கு லாயக்கு என்பது அவர் கட்சி. விடுதிகளிலிருந்து மேசைவிரிப்புகளும் மருத்துவமனைகளிலிருந்து படுக்கைவிரிப்புகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். முடிச்சை அவிழ்த்ததும் எழும்புகிற வாடையை வைத்தே இது எண்ணெய், இது வாந்தி, இது புண்ணில் வடிந்தது என்று பிரித்துவிடுவார். இரண்டு விரலால் நுனியைப் பிடித்துத் தூக்கி, மூக்கைச் சுளித்து, "மனுசங்களா இவங்க" என்று சொல்லித் தொட்டியில் போடுவார். ஊர் அழுக்கை எல்லாம் இப்படிப் பார்த்துப் பார்த்து, தன் வீட்டில் மட்டும் அழுக்கு கிடையாது என்று அவருக்கு ஒரு எண்ணம் வந்துவிட்டது.

மூத்த மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருந்தாள். சின்னவள் கூடத்தின் முகப்பில் உட்கார்ந்து குறி போடுகிறவள். வருகிற ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் அழியாத மையால் யாருடையது, எந்த நாள், எத்தனையாவது உருப்படி என்று எழுத வேண்டும். கடுகளவு எழுத்து; ஒன்றோடொன்று இடிக்காது. அதில் முதலாளிக்குப் பெருமை. "குறியைப் பாத்தாலே எங்க வீட்டுத் துணின்னு தெரியணும்" என்பார்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. நோய் வந்து ஆறு வருடம். முதலில் கன்னத்தில் சிவப்பு, பிறகு விரல் மூட்டுகளில் வலி, பிறகு கால் வீக்கம். கடைசியில் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. வெளியிலிருந்து வந்த கிருமி எதுவும் இல்லை, அவள் உடம்பைக் காக்க வேண்டியதே அவள் சிறுநீரகத்தைத் தின்கிறது என்று டாக்டர் சொன்னபோது முதலாளிக்கு அது ஒரு அவமானம் மாதிரி இருந்தது. சொந்த வேலையாளே கல்லாவில் கை வைத்த மாதிரி. மாத்திரைகளில் அவள் முகம் ஊதியது. கேட்டவர்களுக்கெல்லாம் "நல்ல சாப்பாடு, உக்காந்த வேலை" என்றே சொல்லி வந்தார். சொந்த அக்காவிடமே அப்படித்தான் சொல்லியிருந்தார்.

மாத்திரைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகுதான் அந்தச் சோதனைச் சிகிச்சையின் பேச்சு வந்தது. பெரிய மருத்துவமனையின் நாலாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஒரு அறையில், சோதனையைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அவர்களை உட்காரவைத்து விளக்கினாள். சுவரில் யாரோ கைதுடைத்த தடம் இருந்தது. முதலாளி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க ரத்தத்துல இருந்து ஒரு வகை செல்லைப் பிரிச்சு எடுப்போம். அதை ஆய்வுக்கூடத்துல மாத்திப் பழக்கி, உறைய வச்சு, திருப்பிக் கொண்டுவந்து உங்களுக்கே ஏத்துவோம். எந்தச் செல்லு புத்தி கெட்டுப்போய் கிட்னியைக் கெடுக்குதோ, அதைத் தேடிப் போய் அழிக்கும். ரத்தப் புற்றுநோய்க்கு இது ஏற்கெனவே இருக்கு. கிட்னிக்கு இப்பதான் சோதிச்சுப் பாக்கறோம். இங்க இதுவரைக்கும் மூணு பேரு. சேந்தா நீங்க நாலாவது."

"அந்த மூணு பேரும் எப்படி இருக்காங்க?" என்றாள் சின்னவள்.

"ரெண்டு பேருக்கு மூத்திரத்துல புரதம் போறது குறைஞ்சிருக்கு. ஒருத்தருக்குக் குறையல. காய்ச்சல் மூணு பேருக்கும் வந்துச்சு. ஒருத்தரு நாலு நாள் தன் பேரையே மறந்துட்டாரு. அப்புறம் சரியாயிடுச்சு. நல்லாயிடும்னு நான் சொல்ல மாட்டேன். தெரியாதுங்கறதாலதான் இதுக்குப் பேரு சோதனை."

முதலாளி தொண்டையைச் செருமினார். "அப்ப எலிக்குப் பதிலா எம் பொண்ணு."

"எலிக்கெல்லாம் பாத்தாச்சாம்பா. எலி முடிஞ்சுதான் நான்" என்றாள் சின்னவள்.

நர்ஸ் சிரித்தாள். முதலாளி சிரிக்கவில்லை.

சோதனையில் சேர ஒரு வரம்பு இருந்தது. ஒரு காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணி வரை போகிற சிறுநீர் மொத்தத்தையும் ஒரு கேனில் பிடித்துத் தர வேண்டும். அதில் புரதம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அளவுக்குக் கீழே என்றால், நோய் அவ்வளவு முற்றவில்லை, இந்த ஆபத்து உங்களுக்கு வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்கள். நர்ஸ் ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன் ஒன்றை மேசைமேல் வைத்தாள். சின்னவளின் பெயரும் வயதும், கீழே 'சிறுநீர்' என்று பெரிய எழுத்திலும் எழுதிய சீட்டு அதில் ஒட்டியிருந்தது.

"ஒரு சொட்டு விடக்கூடாது. குளிர்ச்சியா வைக்கணும். ஃப்ரிட்ஜ்ல வைங்க" என்றாள் நர்ஸ்.

முதலாளி நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டார். "அது சமையலறைக்குள்ள வரக்கூடாது. சாப்பிடற பொருள் வைக்கிற பெட்டியில அதை வைக்கறதா? நாளைக்கு அக்கா வேற வர்றா."

"அப்ப எங்கங்க வைக்கறது?" என்றாள் மனைவி. "ஒரு நாள்தானே. துணி சுத்தி, அடித்தட்டுல வச்சுட்டுப் போறேன்."

"துணி சுத்தினா உள்ள இருக்கறது மாறிடுமா?"

சின்னவள்தான் வழி சொன்னாள். "பகல்ல நான் கூடத்துலதானே இருக்கேன். பின்னாடி கக்கூஸ் பக்கத்துல சிமெண்டுத் தட்டு இருக்கே, வெயிலே படாது. ஐஸ் போட்ட வாளியில வச்சுக்கறேன். சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துட்டு வந்து என் ரூம்ல வச்சுக்கறேன்."

முதலாளி ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை. கேனில் ஒட்டியிருந்த சீட்டை உரித்துவிட வேண்டும். வேலையாட்கள் பார்த்தால் பெயர் நாறிப்போகும். காலையில் கொண்டுபோகும்போது ஒட்டிக்கொள்ளலாம். சின்னவள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு நகத்தால் கீறி, கிழியாமல் சீட்டை உரித்து, தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். துணியில் குறி இல்லாமல் ஒரு கைக்குட்டையைக்கூடத் தொட்டிக்குள் விடாத வீடு அது.

மறுநாள் வேலை தலைக்குமேல் இருந்தது. ஒரு விடுதியிலிருந்து எண்பது மேசைவிரிப்புகள், எல்லாம் வெள்ளை, ஆறு மணிக்குள் போக வேண்டும். யாரோ விருந்து சாப்பிட்ட சிவப்புச் சாறும் மெழுகும் மூக்கு சிந்திய சளியும் அதில் அப்பியிருந்தன. வெளியே மூட்டமாக இருந்தது. கூடத்துக்குள் நீராவி கூரையைத் தொட்டுச் சொட்டியது. மெஷின்காரர் ஒரு மெஷினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு அதற்குள் தலையை விட்டிருந்தார். நாலு மணிக்குச் சோப்புத் திரவம் தீர்ந்தது.

"முதலாளி, பின்னாடி ஒரு கேன்ல கொஞ்சம் கிடந்துச்சு, மதியம் பாத்தேன்" என்றார் மெஷின்காரர், தலையை வெளியே எடுக்காமல். "வாளிக்குள்ள யாரோ வச்சிருக்காங்க."

முதலாளியே போனார். ஐஸ் கரைந்து வாளியில் தண்ணீராகக் கிடந்தது. நடுவே கேன். அவர்கள் வாங்கும் சோப்புத் திரவமும் அதே மாதிரி வெள்ளைக் கேனில்தான் வரும். முந்தின நாள் அந்த வாளிக்கு எதற்காக அனுமதி கொடுத்தோம் என்பது எண்பது மேசைவிரிப்புகளுக்கு அடியில் போய்விட்டிருந்தது. மூடியைத் திறந்து, சலவைக்காரன் செய்கிற மாதிரி, ஒரு குலுக்குக் குலுக்கினார். உள்ளே நுரை பொங்கியது. நல்ல நுரை. சின்னச் சின்னக் குமிழியாக, கெட்டியாக, அடங்காமல் நின்றது. நுரை நிற்கிறதென்றால் சரக்கு சுத்தம். நாற்பத்தொரு வருடமாக அவர் கைக்குத் தெரிந்த பாடம். தூக்கிக்கொண்டு வந்து ஊறவைத்த தொட்டியில் மொத்தத்தையும் கவிழ்த்தார். கேனை அலசி, அந்தத் தண்ணீரையும் ஊற்றினார். கையை விட்டுக் கலக்கினார்.

வாடை முழங்கை வரை ஏறிய பிறகுதான் மூக்குக்கு எட்டியது.

யாருடைய விரிப்பில் இருந்தாலும் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். தன் வீட்டுடையது என்பதால் மூக்கு நம்ப மறுத்தது. பிறகு எல்லாம் சேர்ந்து புரிந்தது. கையைத் தொட்டியிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார்.

"என்ன முதலாளி?"

"ஒண்ணுமில்ல. நீ மெஷினைப் பாரு."

அந்த நேரத்தில் முகப்புக்குப் போய் மகளிடம் சொல்லியிருக்கலாம். அவள் நர்ஸைக் கூப்பிட்டு வேறு கேன் வாங்கியிருப்பாள், வேறொரு நாள் பிடித்திருப்பாள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் முதலாளி முகப்பைப் பார்த்தார். அங்கே அக்கா வந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். மகளின் மூத்திரத்தை ஊரார் சாப்பிடும் விரிப்பில் ஊற்றினேன் என்று எந்த வாயால் சொல்வது?

கேனை எடுத்துக்கொண்டு கக்கூஸுக்குள் போய்த் தாழிட்டார். அறுபத்தெட்டு வயது. அவசரத்துக்கு வருகிற வயது இல்லை. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, சொட்டுச் சொட்டாகக் கேனுக்குள் விட்டார். விறைப்பாக நிற்கிற அந்த முதுகு அப்போது கேனுக்கு மேல் கேள்விக்குறியாக வளைந்திருந்தது. வெளியே வந்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். மறுபடி போனார். முன்பு இருந்ததில் பாதிதான் வந்தது. மீதியைக் குழாய்த் தண்ணீரில் நிரப்பி, பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்து, வாளியில் வைத்தார். தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. அதற்குப் பதிலாகக் கையைச் சோப்புப் போட்டு ஏழெட்டுத் தடவை கழுவினார்.

மேசைவிரிப்புகளைத் தன் கையாலேயே நாலு முறை அலசினார். ஆறு மணி எட்டாயிற்று. விரித்துக் காட்டி மெஷின்காரர் சொன்னார்: "என்ன போட்டீங்கன்னு தெரியல முதலாளி. என்னைக்கும் இல்லாத வெளுப்பு."

நாலு நாள் கழித்து நர்ஸ் கூப்பிட்டாள். அதே அறை, சுவரில் அதே கைத்தடம். நர்ஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"புரதம் வரம்புக்குக் கீழ இருக்கு. ரத்தத்தைப் பாத்தா அப்படித் தெரியல. ஆனா விதிப்படி நான் இந்தக் கேன் கணக்கைத்தான் எடுத்துக்க முடியும். பிடிச்சதுல தப்பு நடந்திருந்தா மட்டும் இன்னொரு தடவ பிடிக்கலாம், காரணம் எழுதணும். எதாச்சும் சிந்துச்சா? மறந்துபோய் வெளிய போயிட்டீங்களா?"

சின்னவளுக்கு முகம் சுண்டியது. "எங்க வீட்டுல எதுவும் சிந்தாதுங்க."

"ஐயா, உங்களுக்கு எதாவது தெரியுமா?"

முதலாளி கைத்தடத்தைப் பார்த்தார். "இவ எழுதற குறியே ஒண்ணு மாறாது" என்றார்.

"அப்ப இடத்தை அடுத்தவங்களுக்குக் குடுக்கணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பட்டியலை மூட மாட்டேன். எதாவது ஞாபகம் வந்தா சொல்லுங்க."

புரதம் குறைந்துவிட்டது என்ற சொல் வீட்டுக்குள் போனதும் நோயே குறைந்துவிட்டது என்று ஆகிவிட்டது. மனைவி அழுதாள். அக்காவுக்கு அன்றைக்குத்தான் விஷயமே தெரிந்தது. தன்னிடம் மறைத்ததற்கு ஒரு மூச்சு திட்டிவிட்டு, வியாழக்கிழமை பிற்பகல் ஒரு பெட்டி இனிப்போடு கூடத்துக்கே வந்து, வேலையாட்கள் எல்லோருக்கும் தன் கையால் கொடுத்தாள்.

"எடுத்துக்குங்கப்பா. எந்தம்பி மவளுக்குக் கிட்னி தானா சரியாயிருக்கு. எல்லாம் இவன் சுத்தபத்தமா இருந்ததுக்குக் கிடைச்சது. ஒரு சொல்லு தப்பாச் சொல்லியிருப்பானா, ஒரு பொருளைத் தப்பா வச்சிருப்பானா?"

"முதலாளி கை பட்டா வெளுக்காதது எது?" என்றார் மெஷின்காரர், வாய் நிறைய இனிப்போடு. "அன்னைக்கு அந்த மேசைவிரிப்பு வெளுத்தது இன்னும் கண்ணுல நிக்குது."

முதலாளி கையிலிருந்த இனிப்பைப் பார்த்தார். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. விரல்களில் அந்த வாடை இன்னும் இருப்பதாகப் பட்டது.

சின்னவள் முகப்பு நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். விரலை எடுத்தாள். குழி விழுந்தது. நிரம்பவே இல்லை, பிசைந்த மாவில் விழுந்த குழி மாதிரி அப்படியே நின்றது. அவர் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, பாவாடையை இழுத்து மூடினாள்.

"இன்னும் வீக்கம் வத்தலப்பா. மெதுவா வத்தும்போல இருக்கு" என்றாள், அவரைத் தேற்றுகிற மாதிரி.

அவர் இனிப்பை மேசைமேல் வைத்தார்.

"அந்தக் கேன்ல இருந்தது இவளோடது இல்ல."

யாருக்கும் கேட்கவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். அது கடகடத்து அடங்கும் வரை காத்திருந்துவிட்டு, மறுபடி சொன்னார்.

"அந்தக் கேன்ல இருந்தது இவளோடது இல்ல. என்னோடது. நாலு மணி வரைக்கும் பிடிச்சதுக்குப் பதிலா பாதி என்னோடது, மீதி குழாய்த் தண்ணி; அதுக்கப்புறம் பிடிச்சதுதான் இவளோடது. இவளோடதை நான் சோப்புன்னு நினைச்சு மேசைவிரிப்புல ஊத்திட்டேன்."

"என்ன தம்பி உளர்ற?" என்றாள் அக்கா.

"உளறல. நுரை இருந்துச்சு. நுரையைப் பாத்து ஊத்திட்டேன். வெளிய சொல்ல அசிங்கமா இருந்துச்சு, அதனால சொல்லல. இப்பவும் அசிங்கமாத்தான் இருக்கு."

மெஷின்காரர் மென்றுகொண்டிருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். அக்கா இனிப்புப் பெட்டியை மெல்ல மூடினாள். யாரோ ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா குமட்டலா என்று தெரியவில்லை. அழுக்கைக் கண்டு மூக்கைச் சுளிக்கிற அந்த முகத்தை, இருபது பேர் மூக்கைச் சுளிக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

சின்னவள்தான் கடைசியில் பேசினாள். குரல் உயரவில்லை.

"அன்னைக்குச் சாயங்காலம் கேனைத் தூக்கிப் பாத்தேன்பா. புரதம் போனா நுரைக்கும்; வருசக்கணக்கா நுரை இல்லாம பாத்ததே இல்ல. நுரை இல்ல. கக்கூஸ்ல உக்காந்து அழுதேன், சந்தோஷத்துல."

அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"சட்டைய மாத்திட்டு வாங்க" என்றாள். "அந்த நர்ஸ் அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவாங்க."

நர்ஸ் திட்டவில்லை. ஒரு படிவத்தை எடுத்து வைத்து, "காரணத்தை உங்க கையாலயே எழுதுங்க ஐயா. முழு வாக்கியமா. இது இவங்க கோப்புல இருக்கும், பின்னாடி வர்ற டாக்டருங்க எல்லாரும் படிப்பாங்க" என்றாள். பலகை எழுதிய கை அது. 'என் மகளின் சிறுநீரைச் சோப்புத் தண்ணீர் என்று நினைத்து நானே கொட்டிவிட்டு, அதை மறைத்தேன்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். வியர்வையில் தாள் கையோடு ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது கேன் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே இருந்தது. பெயர்ச்சீட்டோடு, பாலுக்குப் பக்கத்தில். அதை அவரே தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கினார். உள்ளே நுரை அசைந்தது. புரதம் வரம்பைத் தாண்டியே இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் மாதக்கணக்கு. ஒரு நாள் ஐந்து மணி நேரம் அவள் ரத்தம் ஒரு குழாய் வழியாக மெஷினுக்குள் போய், வேண்டியதை விட்டுவிட்டு, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வந்தது. "நம்ம அலசற மெஷின் மாதிரியே இருக்குப்பா" என்றாள். எடுத்த செல்கள் எங்கேயோ போயின. ஐந்து வாரம் கழித்து உறைந்து வந்தன. முதலில் மூன்று நாள் மருந்து ஏற்றி அவள் உடம்பைத் துடைத்து வெறுமையாக்கினார்கள். பிறகு ஒரு காலையில், உள்ளங்கை அளவு பை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இதற்காகவா இத்தனை பாடு என்று முதலாளிக்குத் தோன்றியது.

வாடை அப்போதுதான் கிளம்பியது. செல்கள் உறையும்போது கெடாமலிருக்கப் போட்ட மருந்து மூச்சு வழியாக வெளியேறும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். ஆனால் இது நாள்பட்ட ஈரத்துணி மூட்டைக்குள் பூண்டை நசுக்கி, மேலே அவித்த சோளத்தைப் புளிக்கவிட்ட மாதிரி இருந்தது. அவள் மூச்சில், தோலில், தலையணையில் எல்லாம் அதே. அவர் வாழ்நாளில் அவிழ்த்த எந்த மூட்டையிலும் இப்படி ஒன்று வந்ததில்லை. நர்ஸ் முகமூடியை நீட்டினாள்.

"வேண்டாம்" என்றார்.

"குமட்டலாப்பா?" என்றாள் சின்னவள்.

"ஆமா. குமட்டுது" என்றார். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாலை வரை எழுந்திருக்கவில்லை.

மூளை தடுமாறுகிறதா என்று பார்க்கத் தினமும் காலையில் நர்ஸ் ஒரு அட்டையைக் கொடுத்து, ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுவாள். சின்னவள் வாசல் பலகையில் இருந்ததையே எழுதிவந்தாள்: 'அழுக்கு இந்த வாசலைத் தாண்டாது.' கடுகளவு எழுத்தில். நாலாம் நாள் காய்ச்சல் ஏறியது. ஐந்தாம் நாள் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. ஆறாம் நாள் 'அழுக்கு' என்பதற்குப் பிறகு ஒரு கோடு மட்டும் அட்டையின் ஓரம் வரை ஓடியது. இவர் யார் என்று நர்ஸ் கேட்டதற்கு, அவரை உற்றுப் பார்த்து, "துணி குடுக்க வந்திருக்காரு" என்றாள். டாக்டர்கள் ஓடிவந்து வேறு மருந்து ஏற்றினார்கள். அவள் வாந்தி எடுத்தாள்; அவர் இரண்டு கையையும் ஏந்தினார். மனைவி துணி எடுத்துவருவதற்குள் தன் சட்டையாலேயே துடைத்தார். இரண்டு நாள் அந்தச் சட்டையோடுதான் இருந்தார்.

ஒன்பதாம் நாள் காலையில் காய்ச்சல் இல்லை. சிறுநீரகம் என்ன ஆகும் என்று சொல்ல இன்னும் மாதங்கள் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். நர்ஸ் வழக்கம்போல அட்டையை நீட்டினாள்.

"அதே வாக்கியம்தான் எழுதணுமா?" என்றாள் சின்னவள்.

"எதுவா இருந்தாலும் சரி. முழுசா இருக்கணும், புரியணும்."

சின்னவள் நிதானமாக எழுதினாள். நடுவில் ஒரு முறை நிறுத்தி, அப்பாவைப் பார்த்தாள். எழுதி முடித்துக் கொடுத்தாள். நர்ஸ் படித்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அட்டையை முதலாளியிடம் கொடுத்தாள்.

"இது கோப்புல போகும் ஐயா. வேற எழுதச் சொல்லட்டுமா?"

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், துணியில் குறி பார்க்கிற மாதிரி, ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தார்.

'என் அப்பாவுக்குச் சோப்புத் தண்ணீருக்கும் மகளின் மூத்திரத்துக்கும் வித்தியாசம் தெரியாது.'

இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை கண்ணாடி மங்கியது.

"எழுத்து ஒண்ணோடொண்ணு இடிக்கல" என்றார். "போட்டுக்குங்க."